கடைமடையில் நின்றவர் கேட்ட கேள்வி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருக்கு நான் சொன்ன அறிவுரை இன்னும் என்னை விட்டபாடில்லை. “தினமும் பத்து அழைப்புகள் கூடுதலாகச் செய்யுங்கள். பேச்சில் கொஞ்சம் நிதானம் இருக்கட்டும். உழைப்புக்குப் பலன் வராமல் போகாது” என்றேன். அட்லாண்டாவில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள உணவகம் அது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் இருபத்துநான்கு வயதுக் கறுப்பின இளைஞர். விற்பனை வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு காலாண்டுகளாக இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதால், மூத்தவர் யாராவது அவரிடம் பேச வேண்டும் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேசினேன். அவர் தட்டில் இருந்ததைத் தொடாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, அமெரிக்கத் தெற்கில் வளர்ந்தவர்களுக்கே உரிய மரியாதையோடு “சரி, மேடம்” என்றார். ஒருவருக்கு உதவிவிட்ட நிறைவோடு நான் மாடிக்குத் திரும்பினேன்.

நான் விற்பவள் அல்ல. யார் எங்கே விற்க வேண்டும் என்று பிரிக்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பில்லிங் மென்பொருள் விற்கும் நிறுவனம் எங்களுடையது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பெரிய எக்செல் கோப்பு என் மேசைக்கு வரும். தென்கிழக்கு மாநிலங்களில் உள்ள ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளின் பெயர்கள் அதில் இருக்கும். ஜனவரி முதல் வாரத்துக்குள் அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு விற்பனையாளரின் பெயருக்கு நேராக ஒரு பட்டியலும் ஓர் ஆண்டு இலக்கும் போட்டுத் தர வேண்டும். இலக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பட்டியல்தான் ஆளுக்கு ஆள் மாறும். வேலைக்கான கடிதத்தில் ‘இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊதியம்’ என்று ஒரு பெரிய தொகை அச்சாகியிருக்கும். அதில் ஏறக்குறைய பாதி மட்டுமே மாதாமாதம் உறுதி. மறுபாதி கமிஷன். அந்த மறுபாதி கைக்கு வருமா வராதா என்பதில் பெரும்பகுதி, அந்தப் பட்டியல் கையில் விழும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பதினோரு ஆண்டுகள் அந்தக் கோப்போடு இருந்த எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அவரிடம் குரலைப் பற்றியும் அழைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றியும்தான் பேசினேன்.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளிடம் சொல்லப்படும் ஒரு பேச்சு உண்டு: பாதி தூரம் போவதற்கே நீ இரண்டு மடங்கு சிறந்தவனாக இருக்க வேண்டும். என்னோடு வேலை செய்த கறுப்பின நண்பர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதைத் தாயிடமோ பாட்டியிடமோ கேட்டு வளர்ந்தவர்கள். விற்பனைத் துறைக்குள் காலடி வைக்கும்போது அதே பேச்சு வேறு உடை உடுத்திக்கொண்டு வருகிறது. முதல் ஆளாக வா, கடைசி ஆளாகப் போ. தொலைபேசியில் குரலை மாற்று. முடியை இப்படி வைத்துக்கொள். கோபத்தைக் காட்டாதே. இவற்றில் சில பயனுள்ளவையாகக்கூட இருக்கலாம். ஆனால் எல்லாமே திருத்தப்பட வேண்டியவர் அந்த இளைஞர்தான் என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன.

இரண்டு மடங்கு உழைப்பு என்ன தரும் என்பதற்கு ஓர் அளவீடு இருக்கிறது. மரியான் பெர்ட்ராண்ட் என்ற பொருளாதார அறிஞரும், தமிழ்ப் பெயர் கொண்ட செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு, கற்பனை மனிதர்களின் பெயரில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். அந்த விளம்பரங்களில் விற்பனை வேலைகளும் அடக்கம். எமிலி, கிரெக் போன்ற பெயர்கள் சில விண்ணப்பங்களில். லக்கீஷா, ஜமால் போன்றவை மற்றவற்றில். வெள்ளையர் என்று தோன்றும் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் என்று தோன்றும் பெயர்களுக்கு ஓர் அழைப்பு வர ஏறத்தாழ பதினைந்து விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. இந்த எண்ணைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கூடுதல் தகுதிகளைச் சேர்த்து மெருகேற்றிய விண்ணப்பங்கள், வெள்ளையர் பெயர்களுக்கு 30 சதவீதம் கூடுதல் அழைப்புகளைக் கொண்டுவந்தன. அதே மெருகு கறுப்பினப் பெயர்களுக்குத் தந்த கூடுதல் மிகச் சொற்பம். தன்னை மேம்படுத்திக்கொள் என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே விலைக்குப் போகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

டெபிட் புத்தகம்

அந்த மதிய உணவுக்கு இரண்டு வாரம் கழித்து அவர் என் மேசைக்கு வந்தார். கையில் அச்செடுத்த நான்கு தாள்கள். அவருடைய பட்டியல். 138 பெயர்கள். பெயர், ஊர், தொலைபேசி எண். அவ்வளவுதான். “இவற்றில் எவை கடந்த மூன்று ஆண்டுகளில் நம்மிடம் எதையாவது வாங்கியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்டார். அந்த விவரம் விற்பனையாளர்களுக்குக் காட்டப்படுவதில்லை என்றேன். அது உண்மைதான். அப்படி ஒரு விதி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. ஏன் இருக்கிறது என்று அதுவரை நான் கேட்டதில்லை.

அவர் சற்றுத் தயங்கிவிட்டுத் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். தாத்தா அட்லாண்டாவில் காப்பீட்டு முகவர். அட்லாண்டா லைஃப் நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் வாராந்திரத் தவணை வசூலித்தவர். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலில் வளர்ந்த அலோன்சோ ஹெர்ண்டன் 1905-இல் தொடங்கிய நிறுவனம் அது. வெள்ளையர் நிறுவனங்கள் சரியான விலைக்குக் காப்பீடு தராத காலத்தில், அடக்கச் செலவுக்காவது ஒரு தொகை இருக்கட்டும் என்று சமையற்காரிகளும் கூலித் தொழிலாளர்களும் வாரம் சில காசுகளைச் சேர்த்துவைத்த இடம். அந்தத் தொழிலில் ஒரு முகவருக்கு ஒதுக்கப்படும் தெருக்களின் தொகுப்புக்கு ‘டெபிட்’ என்று பெயர். அதற்கு ஒரு தடித்த புத்தகம் உண்டு.

“புதிதாக ஒரு டெபிட் கொடுத்தால் தாத்தா முதலில் தெருவுக்குப் போகமாட்டாராம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கின் கீழே வைத்து இரவெல்லாம் படிப்பாராம். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக எத்தனை வாரம் கட்டினார்கள், எத்தனை வாரம் பாக்கி என்று எழுதியிருக்கும். முன்பு இருந்த முகவர் ஏன் போனார் என்பது புத்தகத்திலேயே தெரிந்துவிடும் என்பார். மேடம், எனக்கு நீங்கள் கொடுத்தது பெயர்களை மட்டும்தான். புத்தகத்தைக் கொடுக்கவில்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, நான் அந்தக் கோப்பைத் திறந்தேன். விற்பனையாளர்களுக்குக் காட்டாத பத்திகளையும் சேர்த்துத் திறந்து வைத்தேன். 138 பெயர்களில் பதினொன்று மட்டுமே மூன்று ஆண்டுகளில் எங்களிடம் எதையாவது வாங்கியிருந்தன. பெரும்பாலானவை தெற்கு ஜார்ஜியாவின் சின்னச் சின்ன ஊர்கள். ஆல்பனியைச் சுற்றியுள்ள கிராமப்புறக் கிளினிக்குகள். ஜார்ஜியாவில் கிராமப்புற மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருவது இந்த மாநிலத்தில் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். அவருடைய பட்டியலில் மூன்று மருத்துவமனைகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. இனி மணியே அடிக்காத அந்த எண்களையும் சேர்த்துத்தான் தினமும் பத்து அழைப்புகள் கூடுதலாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அதே மாதம் சேர்ந்த இன்னொரு இளைஞரின் பட்டியலைத் திறந்தேன். வெள்ளையர், அதே வயது, அதே பட்டம். ஓய்வுபெற்ற மூத்த விற்பனையாளர் ஒருவரின் வாடிக்கையாளர்கள் அப்படியே அவருக்குப் போயிருந்தார்கள். அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் உள்ள பெரிய மருத்துவக் குழுமங்கள். அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலே இலக்கில் பாதி நிறைந்துவிடும். அவரை எல்லோரும் ‘இயல்பாகவே விற்கத் தெரிந்தவர்’ என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டியிருக்கிறேன். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. நல்ல பிள்ளை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு உழைத்தார்.

பிறகு மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தேன். யார், எந்த நாளில், எந்தப் பெயரை எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்று கோப்பு நினைவில் வைத்திருக்கும். அந்தக் கறுப்பின இளைஞரின் முதல் வரைவுப் பட்டியலில் மூன்று நல்ல மருத்துவமனைகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டது நான். என் பெயரின் முதலெழுத்துகள் அந்த வரியில் இருந்தன. அன்றைய மின்னஞ்சலைத் தேடினேன். மேலாளரின் இரண்டே வரி. இந்த மூன்றும் பழைய உறவுகள், வேறொருவரிடம் இருக்கட்டும். தெற்குப் பகுதி மக்களோடு இவருக்கு எளிதில் ஒத்துப்போகும், அதைக் கொடுங்கள். ஆல்பனி கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உறுத்தவில்லை. அதுதான் இன்று வரை உறுத்துகிறது.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரி. கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தது என்று வானொலியில் கேட்டுவிட்டு, எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியப் பல வாரம் காத்திருந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியிருக்கும்போது எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். அப்பாவை யாராவது ‘இன்னும் கொஞ்சம் கருத்தாக உழுதிருக்கலாம்’ என்று சொன்னால் எனக்குச் சின்ன வயதிலேயே முகம் சிவந்துவிடும். மதகு யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் விளைச்சலைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் நானே மதகின் பக்கத்தில் போய் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மூன்று மருத்துவமனைகளை எடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும், மேடம். கோப்பை அனுப்பியவர் என்று உங்கள் பெயர்தானே இருந்தது” என்றார். அப்படியென்றால், அந்த மதிய உணவின்போது நான் நிதானமாகப் பேசச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அவர் ஒருவருக்கு நடந்ததல்ல

இயக்குநரிடம் போனேன். பெரிய வாடிக்கையாளர்களை ஏற்கெனவே நன்றாக விற்றவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். அதே நியாயம் நீதிமன்றம் வரை போன கதை ஒன்றை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

நாஷ்வில் நகரில் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் பங்குத் தரகராக இருந்த ஜார்ஜ் மெக்ரெனால்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் 2005-இல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் மையத்தில் இருந்தவை இரண்டு நடைமுறைகள். ஒன்று, தரகர்கள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே சேர்த்துக்கொண்டு குழு அமைக்கலாம். மற்றொன்று, ஒரு தரகர் வேலையை விட்டுப் போனால் அவருடைய வாடிக்கையாளர்கள், முன்பு அதிகம் ஈட்டியவர்களுக்கு முன்னுரிமை தந்து பிரிக்கப்படுவார்கள். இரண்டிலும் நிறம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் குழுவில் சேர்க்கப்படாதவருக்கு ஈட்டல் குறையும். ஈட்டல் குறைந்தவருக்கு அடுத்த பங்கீட்டில் நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். அடுத்த ஆண்டு இன்னும் குறையும். 2012-இல் சிகாகோவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு, கறுப்பினத் தரகர்கள் எல்லோரும் ஒன்றாக இந்த வழக்கை நடத்த வழிவிட்டது. 2013-இல் நிறுவனம் 16 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சுமார் 1,200 பேர் சார்பிலான வழக்கு அது. ஆயிரம் பேர் தனித்தனியாக ‘நான்தான் சரியாக விற்கவில்லை போலிருக்கிறது’ என்று தங்கள் வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

‘அவருக்கு அங்கே ஒத்துப்போகும்’ என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. கறுப்பின மேலாளர்களையும் மருந்தாளர்களையும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலுள்ள, வருமானம் குறைந்த கடைகளுக்கே வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் அனுப்புகிறது என்று அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2007-இல் வழக்குப் போட்டது. ஏறத்தாழ 2.4 கோடி டாலரில் அது சமரசமாக முடிந்தது. சொல்லப்போனால் இந்த எண்ணம் அதைவிடப் பழையது. 1947-இல் பெப்சி நிறுவனம் எட்வர்ட் பாய்ட் என்பவரை அமர்த்தி, கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்றே கறுப்பின விற்பனையாளர்களின் குழு ஒன்றை அமைத்தது. பன்னிரண்டு பேர் வரை வளர்ந்த குழு. நாடெங்கும் ரயிலில் போனார்கள். தெற்கில் ரயிலின் உணவுப் பெட்டியில் கறுப்பினத்தவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சாப்பிட முடியும். அப்படிச் சாப்பிட்டுவிட்டு இறங்கி, கோட்டை நீவி விட்டுக்கொண்டு, அந்தந்த ஊரின் தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் மளிகைக் கடைகளிலும் போய் விற்பனையை உயர்த்தினார்கள். அவர்கள் வெளியிட்ட ஒரு விளம்பரத்தில் பெப்சிப் புட்டிகளை எட்டி எடுக்கும் சிறுவன் ரான் பிரவுன், பின்னாளில் கிளின்டன் ஆட்சியில் வணிகத்துறை அமைச்சரானார். ஆனால் பாய்டின் குழு நீடிக்கவில்லை. ஆதரித்த தலைவர் வால்டர் மேக் பதவியை விட்டுப் போனதும் குழுவும் கலைந்தது. தனிச் சந்தைக்கு என்று எடுக்கப்பட்டவர்களை, அந்தச் சந்தையின் மீது ஆர்வம் போனதும் வைத்துக்கொள்ள வேறு இடம் இருக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தந்தது ஸெராக்ஸ் நிறுவனத்தில் நடந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சான் ஃபிரான்சிஸ்கோ, வாஷிங்டன் பகுதிகளில் இருந்த கறுப்பின விற்பனையாளர்கள் வேலை முடிந்த பிறகு தங்களுக்குள் கூட ஆரம்பித்தார்கள். யாருக்கு எந்தப் பகுதி கிடைத்தது, எவ்வளவு ஊதியம் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விற்பனைப் பேச்சை ஒருவர் முன் ஒருவர் பழகிப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். ஒப்பிட்ட பிறகுதான் அது தனி ஆளின் குறையல்ல என்பது தெரிந்து, நிர்வாகத்திடம் ஒன்றாகப் போய்ப் பேசினார்கள். 1968-இல் வாஷிங்டன் பகுதியில் சாதாரண விற்பனையாளராகச் சேர்ந்த பேரி ராண்ட், அதே நிறுவனத்தின் மிக உயர்ந்த பொறுப்புகள் வரை போனார். 2009-இல் அர்சுலா பர்ன்ஸ் ஸெராக்ஸின் தலைமை நிர்வாகி ஆனார். பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றை நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர். இன்று பல நிறுவனங்களில் கறுப்பினப் பணியாளர் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு விருந்தோடு முடிந்துவிடுகின்றன. அந்த முதல் குழுக்கள் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்த குழுக்கள்.

இப்போது நான் சொல்வது

அந்த இளைஞர் பதினோராவது மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். எடுத்த மூன்றில் இரண்டு மருத்துவமனைகளைத் திரும்பக் கொடுக்க வைத்தேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. போன பிறகும் தொடர்பை விடவில்லை. தனக்குத் தெரிந்த புதியவர்களை என்னிடம் பேசச் சொல்லி அனுப்புகிறார். அவர்களிடம் நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். படிக்கும் யாருக்காவது அப்படி ஓர் இளம் நண்பர் இருந்தால் சொல்லுங்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டெபிட் புத்தகத்தைக் கேட்க வேண்டும். எனக்குக் கொடுக்கப்போகும் பகுதியை இதற்கு முன் யார் வைத்திருந்தார், அவர் இப்போது எங்கே, போன ஆண்டு இந்தக் குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள், முன்பே வாங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள் என் பட்டியலில் எத்தனை பேர். நேர்முகத்தில் இப்படிக் கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வெள்ளைக்கார இளைஞர் கேட்டால் ‘கூர்மையானவர்’ என்பவர்கள், இவர் கேட்டால் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வேலை உறுதியான பிறகு, கையெழுத்துக்கு முந்தைய அந்த இடைவெளியில் கேட்கச் சொல்கிறேன். அப்போதும் சொல்ல மறுத்தால், அந்தப் பகுதியை விட்டுப் போனவரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். விட்டுப் போனவர் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்.

கமிஷன் எப்படிக் கணக்கிடப்படும் என்பது எழுத்தில் வேண்டும். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அதை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தொடக்க மாதங்களில் கமிஷனுக்கு முன்பணம் தருவதாகச் சொன்னால், அது திருப்பிக் கட்ட வேண்டிய கடனா, கட்ட வேண்டாததா என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘recoverable’, ‘non-recoverable’ என்று ஒரே ஒரு சொல் வித்தியாசம். இலக்கை எட்டாத புதியவர் ஆறாவது மாதத்தில் நிறுவனத்துக்கே கடனாளியாக நிற்பது அந்த ஒரு சொல்லால்தான். சக ஊழியர்களோடு ஊதியத்தைப் பற்றிப் பேசுவதற்கு 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பேசக்கூடாது என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னாலும் பேசலாம். ஒப்பிடாமல் எதுவும் தெரியவராது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எந்த நாளில் எந்த வாடிக்கையாளர் தன் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டார், யார் எடுத்தார், என்ன காரணம் சொன்னார். கையால் எழுதி வீட்டில் வைத்திருந்தால் போதும். அலுவலகத்தின் வாடிக்கையாளர் பட்டியலைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவே கூடாது. அதையே காரணமாகக் காட்டி வெளியேற்றிவிடுவார்கள். ஜார்ஜியாவில் பாகுபாடு நடந்தால், சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் அது 300 நாட்கள். ‘இன்னும் ஒரு காலாண்டு பார்ப்போம்’ என்று காத்திருக்கும் இளைஞருக்கு இரண்டு காலாண்டுகளில் அந்தக் கதவு மூடிவிடும்.

பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமா, தொலைபேசியில் குரலை மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. நான் சொல்லத் தகுதியுள்ளவள் அல்ல. கறுப்பின மூத்த விற்பனையாளர்களே இதில் பல விதமாகச் சொல்கிறார்கள். அவர்களோடு பேசட்டும் என்று நேஷனல் சேல்ஸ் நெட்வொர்க் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போகச் சொல்கிறேன். கறுப்பின விற்பனையாளர்களே நடத்தும் அமைப்பு அது. ஊருக்கு ஊர் கிளைகள் இருக்கின்றன. அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் பதில், அதைத் தினமும் வாழ்ந்து பார்த்தவரிடமிருந்து வரும்.

வழிகாட்டி தேடும்போது இனிமையாகப் பேசுபவரைத் தேடாதீர்கள் என்றும் சொல்கிறேன். அந்தக் கீழ்த்தள உணவகத்தில் நானும் இனிமையாகத்தான் பேசினேன். டிசம்பரில் கோப்பு திறக்கும் அறையில் உட்காருபவர் யார் என்று பாருங்கள். ‘இந்த மூன்றையும் எடுக்கக் கூடாது’ என்று அங்கே வாய் திறந்து சொல்லக்கூடிய ஒருவர் உங்களை அறிந்தவராக இருக்க வேண்டும். மற்ற அறிவுரைகளை எல்லாம் யார் வேண்டுமானாலும் தருவார்கள்.

மதகின் பக்கத்தில் நாம்

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க அலுவலகங்களில் அந்த எக்செல் கோப்பைத் திறப்பவர்கள் இன்று நம்மில் நிறையப் பேர். பகுதி பிரிப்பவர்கள், இலக்கு வகுப்பவர்கள், அதற்கான மென்பொருளை எழுதுபவர்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான், நாடு பார்த்துக் குடியேற்றத்தைத் தடுத்த பழைய சட்டம் மாறி நமக்கு வழிவிட்டது. அந்த இரண்டுக்கும் கறுப்பின மக்களின் அந்தக் காலத்துப் போராட்டமே பின்புலம். தெருவில் அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நாம் இன்று பட்டியல் பிரிக்கிறோம். நமக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று நாம் நம்புகிறோம். எனக்கும் அன்று கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது, செய்துவிட்டேன்.

இந்த டிசம்பரில் கோப்பு வந்தபோது, கடந்த மூன்று ஆண்டு வாங்கல் விவரம் உள்ள பத்தியை விற்பனையாளர்கள் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தேன். தேவையில்லாத ஒப்பீடுகளும் மனக்கசப்பும் வரும் என்று மேலாளர் சொன்னார். இயக்குநர் இன்னும் முடிவு சொல்லவில்லை. மூடச் சொல்லி எழுத்தில் வரட்டும் என்று காத்திருக்கிறேன். எழுத்தில் எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை.

போன வாரம் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கல்லூரி முடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. வழக்கம்போல் நான் பட்டியலைப் பற்றி ஆரம்பித்தேன். கேட்டுவிட்டீர்களா என்றேன். கேட்டாராம். சேர்ந்த பிறகு தருவதாகச் சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் அந்தப் பகுதியை விட்டுப் போனவர் யார் என்று கண்டுபிடித்து, என்று நான் தொடங்கியதும் அவர் குறுக்கிட்டார்.

“கண்டுபிடித்துவிட்டேன், மேடம். எனக்கு முன்னால் இருந்தவர் மட்டுமல்ல, அவருக்கு முன்னால் இருந்தவரையும் பிடித்துவிட்டேன். இரண்டு பேரும் கறுப்பினத்தவர்கள். இன்று மாலை ஆறு மணிக்கு மூன்று பேரும் பேசப்போகிறோம். என்னென்ன கேட்கலாம் என்று உங்களிடம் கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

ஒரு தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்திலேயே இருக்கிறது என்றார்.